கடற்கரை ரோஜாவின் கனி: ஒரு வரலாறு

கடற்கரை ரோஜா என்பது வடகிழக்கு ஆசியாவின் மணற்பாங்கான கடற்கரைகளில் இயற்கையாக வளரும் முட்புதர்ச் செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் ரோசா ருகோசா. ஜப்பானின் வடபகுதி, கொரியா, சீனாவின் வடகிழக்குக் கரை, ரஷ்யாவின் சகலின் தீவு, கூரில் தீவுகள், கம்சாத்கா தீபகற்பம் ஆகியவை இதன் தாயகம். பூ உதிர்ந்தபின் இதில் சிறு தக்காளியைப் போன்ற சிவந்த கனி உண்டாகும். உயிர்ச்சத்து சி நிறைந்த இக்கனி உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இச்செடி, இன்று அங்குள்ள சில நாடுகளில் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆனால் அதன் தாயகத்தில் சில இடங்களில் அதே செடி சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. ஒரே செடி ஓரிடத்தில் செல்வமாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் ஆனது எப்படி என்பதே இக்கனியின் வரலாறு.

பெயரும் இயல்பும்

'ருகோசா' என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுருக்கம் விழுந்தது என்று பொருள். இச்செடியின் இலைகள் தடித்து, நரம்புகள் பள்ளமாகி, சுருங்கியது போலக் காணப்படும். செருமானியர் இதனை 'உருளைக்கிழங்கு ரோஜா' என்பர். இலைகள் உருளைக்கிழங்குச் செடியின் இலைகளை ஒத்திருப்பதே காரணம். ஜப்பானியர் இதனை 'ஹாமானாசு' என்கின்றனர். 'ஹாமா' என்றால் கடற்கரை, 'நாசு' என்றால் கத்தரிக்காய். ஆகவே இச்சொல் கடற்கரைக் கத்தரிக்காய் எனப் பொருள்படும். கனியின் சுவை பேரிக்காயை ஒத்திருந்ததால் 'ஹாமானாஷி', அதாவது கடற்கரைப் பேரிக்காய் என்று முதலில் வழங்கியதாகவும், வடபகுதி மக்களின் உச்சரிப்பில் அது 'ஹாமானாசு' எனத் திரிந்ததாகவும் மற்றொரு விளக்கம் உண்டு. இரண்டு விளக்கங்களிலும் பெயர் பூவிலிருந்து பிறக்கவில்லை, காயிலிருந்தே பிறந்துள்ளது. அக்கரை மக்கள் இச்செடியை முதலில் உணவாகவே அறிந்தனர் என்பதற்கு இது நல்ல சான்று.

செடி ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம் வளரும். தண்டு முழுவதும் நுண்முட்கள் நெருக்கமாக இருக்கும். பூக்கள் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ இருக்கும், நறுமணம் மிக்கவை. கோடை முழுவதும் தொடர்ந்து பூப்பதால், ஒரே புதரில் பூவையும் பழுத்த கனியையும் ஒருசேரக் காணலாம்.

ரோஜாக் கனி என்று நாம் சொல்வது தாவரவியல் முறைப்படி உண்மைக் கனி அன்று. பூவின் அடிப்பகுதியே சதைப்பற்றுடன் பருத்துக் குடம் போல் ஆகிறது. அக்குடத்தின் உள்ளே விதைகளைப் போல் இருக்கும் சிறு கடினமான பொருள்களே உண்மைக் கனிகள். அவற்றைச் சூழ்ந்து நுண்மயிர்கள் இருக்கும். இவை தொண்டையிலும் குடலிலும் அரிப்பை உண்டாக்கும். ஆகவே எந்த நாட்டில் எந்த முறையில் பயன்படுத்தினாலும் இந்த மயிர்களை நீக்குவதே முதல் வேலை.

கடற்கரையில் வாழத் தேவையான மூன்று இயல்புகள் இச்செடிக்கு உண்டு. முதலாவது, உப்புக் காற்றையும் உப்பு மண்ணையும் தாங்கும் தன்மை. இரண்டாவது, மண்ணுக்கு அடியில் கிடையாக ஓடும் வேர்த்தண்டுகள். இவற்றிலிருந்து புதிய கன்றுகள் கிளம்பும். மணல் மூடினாலும் செடி மேலெழும். மூன்றாவது, மிதக்கும் கனி. கடலில் விழுந்த கனி பல வாரங்கள் மிதந்து வேறு கரையை அடைந்தாலும் உள்ளிருக்கும் விதைகள் உயிருடன் இருக்கும். பின்னர் நடந்த அனைத்துக்கும் இம்மூன்று இயல்புகளே காரணம்.

தாயகத்தில் பயன்பாடு

ஹொக்கைடோ தீவின் பழங்குடிகளான ஐனு மக்கள் இக்கனியை உண்டு வந்தனர். நீண்ட பனிக்காலமும் குறுகிய கோடையும் உள்ள அந்நிலத்தில், கையெட்டும் உயரத்தில் கிடைக்கும் புளிப்பும் இனிப்பும் கலந்த கனி பயனுள்ள உணவாக இருந்தது. சகலின், கம்சாத்கா பகுதிகளிலும் கரையோர மக்கள் இதைச் சேர்த்துப் பயன்படுத்தினர். இன்று ஹொக்கைடோவில் இக்கனியிலிருந்து பழக்கூழ், தேநீர், மிட்டாய் முதலியன செய்யப்படுகின்றன.

கனி மட்டுமன்றிச் செடியின் மற்றப் பகுதிகளும் பயன்பட்டன. ஜப்பானின் அகிதா பகுதியில் நெய்யப்படும் 'அகிதா ஹாச்சிஜோ' என்னும் பட்டுத்துணிக்குப் பழுப்பு நிறமேற்ற இதன் வேர்ப்பட்டை பயன்பட்டது. சீனாவில் இதன் பூவிதழ்கள் பெரிதும் மதிக்கப்படுகின்றன. தேநீர், சர்க்கரைப் பாகு, மது, நறுமண எண்ணெய் ஆகியவற்றுக்காக இவ்வினம் அங்குத் தோட்டங்களில் பயிரிடப்படுகிறது. சாண்டோங் மாகாணத்தின் பிங்யின் இதற்குப் பெயர் பெற்ற ஊர். கொரியாவில் இது 'ஹேதாங்ஹ்வா' எனப்படும். வொன்சான் நகரையடுத்த மியோங்சாசிம்னி மணற்கரை இப்பூவுக்குப் புகழ்பெற்றது. ஹொக்கைடோ தன் மாநில மலராக 1978இல் ஹாமானாசுவைத் தேர்ந்தெடுத்தது.

ஐரோப்பாவை அடைதல்

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க், லின்னேயசின் மாணவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1775இல் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவுக்கு வந்தார். அயல்நாட்டார் ஜப்பானில் விரும்பியபடி நடமாட முடியாத காலம் அது. கிடைத்த வாய்ப்புகளிலும், 1776இல் தலைநகர் எதோவுக்குச் சென்று திரும்பிய பயணத்திலும் அவர் செடிகளைத் திரட்டினார். நாடு திரும்பியபின் 1784இல் வெளியிட்ட 'ஃப்ளோரா ஜப்போனிகா' என்னும் நூலில் இச்செடிக்கு ரோசா ருகோசா என்று பெயரிட்டார்.

1796இல் லண்டனை அடுத்த ஹாமர்ஸ்மித்தில் இருந்த லீ, கென்னடி ஆகியோரின் நாற்றங்கால் இதனை இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் பெரிய வரவேற்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இதன் பெருமை உணரப்பட்டது. மற்ற ரோஜாக்கள் நோயுற்று வாடும் மணலிலும் குளிரிலும் இது செழித்தது. இதைப் பிற ரோஜாக்களுடன் கலந்து பல புதிய வகைகள் உருவாக்கப்பட்டன. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் கடற்கரை வீடுகளைச் சுற்றியும் இதை நட்டனர். வேலியாகவும் காற்றுத் தடுப்பாகவும் மணலைப் பிடித்து நிறுத்தும் அணையாகவும் இது பயன்பட்டது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் இவ்வாறே பரவியது. செருமனியின் சில்ட் தீவில் இது மிகுதியாக வளர்ந்ததால் 'சில்ட் ரோஜா' என்றே அழைக்கப்பட்டது. வந்த செடி அந்த மண்ணின் பெயரையே பெற்றுவிட்டது.

செடியை விரும்பிக் கொண்டு வந்தவர்கள் அதன் பூவையும் உறுதியையுமே நாடினர், கனியை அல்ல. ஆனால் ரோஜாக் கனி ஐரோப்பியருக்குப் புதிதன்று. அவர்களுடைய வயல்வேலிகளில் வளரும் 'நாய் ரோஜா' என்னும் உள்நாட்டுக் காட்டு ரோஜாவின் சிறிய, நீள்வட்டமான கனிகளை அவர்கள் முன்பே பயன்படுத்தி வந்தனர். சுவீடனில் 'நிப்போன்சொப்பா' என்னும் ரோஜாக் கனிக் கஞ்சியும், தென்செருமனியில் திருவிழாக் காலப் பலகாரத்தினுள் வைக்கும் கனிக்கூழும் இன்றும் வழக்கில் உள்ளன. நாய் ரோஜாவில் கற்ற அறிவே பின்னர்க் கடற்கரை ரோஜாவுக்கும் பொருந்தியது. அந்த அறிவு ஒரு நாட்டின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்ற காலமும் வந்தது.

போர்க்கால அறுவடை

உயிர்ச்சத்து சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் 'ஸ்கர்வி' நோய் வரும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பற்படை மருத்துவர், நோயுற்ற மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அவர்கள் தேறுவதைக் கண்டார். ஆனால் பழத்தில் உள்ள பொருள் எது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி 1928இல் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு பெற்றார். உணவுப் பொருள்களில் உயிர்ச்சத்து சியின் அளவைக் கணக்கிடும் முறை வந்தபின், ரோஜாக் கனி ஆரஞ்சைவிடப் பன்மடங்கு உயர்ந்தது எனத் தெரிந்தது. 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருக்க, ரோஜாக் கனியில் இனத்தையும் இடத்தையும் பொறுத்துச் சில நூறு மில்லிகிராம் முதல் ஆயிரத்துக்கு மேலும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது செருமனியின் நீர்மூழ்கிக் கப்பல்களால் பிரிட்டனுக்கு வரும் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டன. அந்நாட்டில் ஆரஞ்சு விளைவதில்லை. இறக்குமதி குறைந்ததும் குழந்தைகளின் உடல்நலம் பற்றிய கவலை எழுந்தது. வேலியோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ரோஜாக் கனியின் பக்கம் அரசின் கவனம் திரும்பியது.

1941 இலையுதிர்காலத்தில் நாடு தழுவிய கனி சேகரிப்பு தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள், சாரணர்கள், பெண்கள் சங்கத்தினர் கூடைகளுடன் வேலிகளை நாடினர். கொண்டு வந்த கனிக்கு ராத்தலுக்கு இரண்டு பென்னி கூலி கிடைத்தது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 200 டன் கனி சேர்ந்தது. அதிலிருந்து சுமார் 6,00,000 புட்டிப் பாகு தயாரானது. 'தேசிய ரோஜாக் கனிப் பாகு' என்னும் பெயரில் அது கட்டுப்படுத்தப்பட்ட விலையில் விற்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சேகரிப்பு மேலும் பெருகியது. கியூ தாவரவியல் பூங்காவின் ரொனால்டு மெல்வில் முதலியோர் பல பகுதிகளின் கனிகளை ஆய்ந்து, பிரிட்டனின் வடபகுதிக் கனிகளில் உயிர்ச்சத்து சி மிகுதி எனக் கண்டனர்.

போர் முடிந்த பின்னும் இவ்வழக்கம் உடனே மறையவில்லை. நியூகாசிலில் தயாரான 'டெல்ரோசா' என்னும் பாகுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் கனி பறித்துக் கொடுத்துக் காசும் சட்டையில் குத்தும் சின்னமும் பெற்றனர். ஆரஞ்சுச் சாறு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே கூடைகள் ஓய்ந்தன.

வளர்ப்பும் அறுவடையும்

கடற்கரை ரோஜாவை விதையிலிருந்தும் பக்கக் கன்றுகளிலிருந்தும் வளர்க்கலாம். விதை உடனே முளைக்காது. ஈரமான குளிரில் சில மாதங்கள் கிடந்த பின்னரே முளைப்புத்திறன் பெறும். சில விதைகள் இரண்டாம் வசந்தம் வரை காத்திருக்கும். விரைவாக வேண்டுவோர் தாய்ச்செடியின் அருகில் கிளம்பும் கன்றை வேரோடு பிரித்து நடுவர். நல்ல வெயிலும் நீர் தேங்காத மணற்பாங்கான நிலமும் ஏற்றவை. உரம் அதிகம் தேவையில்லை. அடுக்கிதழ்ப் பூக்களைக் கொண்ட ஒட்டு வகைகள் பெரும்பாலும் நன்கு காய்ப்பதில்லை. ஆகவே கனிக்காக வளர்ப்போர் ஐந்து இதழ் கொண்ட இயற்கை வகையையே நாடுவர். வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் கனி கிடைக்காது.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை கனி பறிக்கும் காலம். கடற்கரை ரோஜாவின் கனி, நாய் ரோஜாவினுடையதைவிடப் பெரியது, இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும், முன்னதாகவே பழுக்கும், சதையும் மிகுதி. முழுவதும் சிவந்து, தொட்டால் இன்னும் கெட்டியாக இருக்கும் நிலையே பறிக்க ஏற்றது. கனிந்து குழைந்தால் பழக்கூழுக்கு ஆகும். ஆனால் உலர்த்த ஆகாது. ஒரு புதரின் கனிகள் ஒரே நாளில் பழுப்பதில்லை என்பதால் பல முறை செல்ல வேண்டும். தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இப்புதரை நெருங்குவது எளிதன்று.

பாகு காய்ச்சும் முறை

போர்க்காலத்தில் பிரிட்டனின் உணவு அமைச்சகம் இல்லத்தரசிகளுக்கு வெளியிட்ட செய்முறை இன்றும் பின்பற்றப்படுகிறது. அதன் அளவுகள் மெட்ரிக் முறையில் வருமாறு: கனி 900 கிராம், தண்ணீர் முதல் முறைக்கு 1.7 லிட்டர், இரண்டாம் முறைக்கு 850 மில்லிலிட்டர், சர்க்கரை ஏறத்தாழ 560 கிராம்.

முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். கனியைக் கரகரப்பாக அரைத்து, அரைத்தவுடன் கொதிநீரில் இட வேண்டும். மீண்டும் கொதி வந்ததும் இறக்கி, கால் மணி நேரம் வைத்திருந்து, நெருக்கமாக நெய்த துணிப்பையில் வடிகட்ட வேண்டும். சக்கையில் இரண்டாம் முறை கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி வடிக்க வேண்டும். முதலில் வடியும் அரைக்கோப்பைச் சாற்றில் நுண்மயிர்கள் இருக்கலாம் என்பதால் அதைத் திரும்பவும் பையில் ஊற்றி வடிக்க வேண்டும். இரண்டு சாற்றையும் சேர்த்து 850 மில்லிலிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சி, சர்க்கரை சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூடான, தூய்மையான சிறு புட்டிகளில் நிரப்பி உடனே மூட வேண்டும். திறந்த புட்டி ஓரிரு வாரங்களுக்கு மேல் தாங்காது என்பதால்தான் சிறு புட்டிகள்.

அரைத்தவுடன் கொதிநீரில் இடுவதற்குக் காரணம் உண்டு. கனி நசுங்கியதும் அதன் திசுக்களில் உள்ள ஒரு நொதி வெளிப்பட்டுக் காற்றின் துணையோடு உயிர்ச்சத்து சியை அழிக்கத் தொடங்கும். கொதிநீர் அந்த நொதியை உடனே செயலிழக்கச் செய்கிறது. செம்புப் பாத்திரமும் இந்த அழிவை விரைவுபடுத்தும் என்பதால் எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரமே ஏற்றது. ஆய்வுக்கூடத்து அறிவு அடுப்படிக்கு வந்து சேர்ந்ததற்கு இச்செய்முறை ஓர் எடுத்துக்காட்டு.

பரவலும் தடையும்

தோட்டத்துக்காகக் கொண்டு வந்த செடி தோட்டத்தில் நிற்கவில்லை. டென்மார்க்கில் 1875இலேயே இது காட்டுச்செடியாக வளர்வது பதிவாயிற்று. பிரிட்டனில் 1927இல் பதிவாயிற்று. பறவைகள் விதையைப் பரப்பின. கடல் கனிகளைச் சுமந்து சென்றது. வேர்த்தண்டுகள் மணலுக்கடியில் ஓடின. பால்டிக் கடல், வடகடல் ஆகியவற்றின் மணல்மேடுகளில் அடர்ந்த புதர்கள் உண்டாயின.

அம்மணல்மேடுகள் வெறும் மணல் அல்ல. காற்றில் நகரும் மணலுக்கும் முழு வெயிலுக்கும் பழகிய சிறு புற்களும் பூண்டுகளும் கற்பாசிகளும் அங்கு வாழ்கின்றன; சூடான வெற்று மணலை நம்பிப் பூச்சிகள் வாழ்கின்றன. கடற்கரை ரோஜா அடர்ந்தால் நிழல் விழுகிறது. மணல் நகர்வது நிற்கிறது. அடியில் மற்றவை வாழ இடமில்லாமல் போகிறது. மணலைப் பிடித்து நிறுத்தும் என்று எதற்காக நட்டார்களோ, அதுவே குற்றமாயிற்று.

இதனால் 2010இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இச்செடி சேர்க்கப்பட்டது. அதன்படி இதனை இயற்கை நிலங்களில் நடுவதோ பரவச் செய்வதோ குற்றம். பின்லாந்து 2019இல் இதனை ஆக்கிரமிப்புத் தாவரமாக அறிவித்து, நிலத்தார் அகற்றிக்கொள்ளக் காலம் கொடுத்து, 2022 ஜூன் முதல் வளர்ப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. தடை எளிது, அகற்றுவது அரிது. வெட்டினால் தழைக்கும், தோண்டினால் மண்ணில் தங்கிய வேர்த்துண்டு மீண்டும் முளைக்கும். ஒரே இடத்துக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டியிருக்கிறது. இந்நாடுகளில் கனி பறிப்போருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அரைத்த சக்கையையும் விதையையும் கரையிலோ வேலியோரத்திலோ வீசுவது புதிய புதருக்கு வித்திடுவதாகும்.

தாயகத்தில் பாதுகாப்பு

ஜப்பானில் இச்செடி தெற்கே பரவும் எல்லை, பசிபிக் கரையில் இபராக்கி மாநிலத்திலும் ஜப்பான் கடல் பக்கம் தொத்தோரி மாநிலத்திலும் முடிகிறது. அந்த எல்லையோரப் புதர்கள் 1922இலேயே நாட்டின் இயற்கை நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. சீனாவில் தோட்ட வகைகள் பெருகியிருந்தாலும், கரையோரக் காட்டுச் செடிகள் அருகிவிட்டன. 2021இல் வெளியான தேசியப் பாதுகாப்புக்குரிய காட்டுத் தாவரங்களின் பட்டியலில் இவ்வினம் இரண்டாம் பிரிவில் இடம் பெற்றுள்ளது.

ஹொக்கைடோவின் கொஷிமிசு மலர்வெளி இன்னும் கருத்தைக் கவரும் நிகழ்வைக் காட்டுகிறது. ஒக்கோட்ஸ்க் கடலுக்கும் தோஃபுத்சு ஏரிக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. ஒரு காலத்தில் அங்குக் குதிரைகள் மேய்ந்தன. அவ்வழியே ஓடிய நீராவி ரயிலின் தீப்பொறியால் காய்ந்த புல் அவ்வப்போது எரிந்தது. நீராவி ரயிலும் மேய்ச்சலும் நின்றபின், அயல்நாட்டுப் புற்கள் மண்டி ஹாமானாசுவும் காட்டு அல்லிகளும் குறைந்தன. ஆகவே 1990களில், வசந்தத்தின் தொடக்கத்தில் புல்லைக் கட்டுப்பாட்டுடன் எரிக்கும் முறை கொண்டுவரப்பட்டது, மலர்கள் மீண்டன.

ஐரோப்பிய மணல்மேட்டில் உள்நாட்டுப் பூண்டுகளை நெருக்கும் அதே செடி, தன் சொந்தக் கரையில் அயல் புல்லால் நெருக்கப்பட்டு மனிதனின் துணையை நாடியது. செடியின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. உப்பைத் தாங்குகிறது, மணலைப் பிடிக்கிறது, கனியைக் கடலில் மிதக்கவிடுகிறது. மாறுவது அதைச் சூழ்ந்த உயிர்களும், அதற்கு மனிதன் கொடுத்த இடமுமே. பயனுள்ள செடி என்பதால் எங்கும் நடலாம் என்ற முடிவும், ஆக்கிரமிக்கும் செடி என்பதால் எங்கும் அழிக்கலாம் என்ற முடிவும் இவ்வரலாற்றுக்கு முன் நிற்பதில்லை. கனி மட்டும் எல்லாக் கரைகளிலும் ஒன்றுபோலவே சிவக்கிறது. ஹொக்கைடோவில் அது பழக்கூழாகிறது. பால்டிக் கரையில் அதன் விதை முளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.